பாலிதீன் கவருக்குள் ஒரு விடுதலை

லேமினேஷனுக்கு வரும் தாள்களில் பாதியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆதாரா, சாமி படமா, தாராளமாகப் போடலாம். மார்க் ஷீட், பத்திரம், கோர்ட்டுக்குப் போகவேண்டிய எதுவும் கூடாது. மேலே பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் சீல் நிஜமா, கையெழுத்து நிஜமா என்று பார்க்க முடியாது. அதன் மேல் இன்னொரு முத்திரை குத்தவும் முடியாது. வடமாவட்டம் ஒன்றில், நீதிமன்ற வளாகத்துக்கு நேர் எதிரே பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

2019 ஆடி மாதம் ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட நாலு வயதுப் பெண் குழந்தை. அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜை மேல் பிரித்து வைத்தார். மடிப்பு விழுந்த இடம் கிழியத் தொடங்கியிருந்தது.

"இத கெட்டியா போட்டுக் குடுங்கக்கா. நனையாத மாதிரி."

வருகிற தாளையெல்லாம் படித்துப் பார்ப்பது எனக்குக் கெட்ட பழக்கம். இதில் மேலே 'விடுதலைச் சான்றிதழ்' என்று இருந்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976ன் கீழ் இன்னாரின் மகன் இன்னார் விடுவிக்கப்படுகிறார், அவர் பெயரில் உள்ள கடன் எதையும் இனி அவர் செலுத்த வேண்டியதில்லை என்று நாலைந்து வரி. கீழே கோட்டாட்சியரின் பச்சை மைக் கையெழுத்து, ஊதா முத்திரை. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் நான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தேன். பயிற்சி வகுப்பில் இப்படி ஒரு சான்றிதழ் உண்டென்று சொல்லியிருந்தார்கள். கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

லேமினேஷன் வேண்டாம் என்று விளக்கிச் சொல்லி, பட்டன் வைத்த பாலிதீன் கவர் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. "மழ வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்க்கா" என்றார். கவரைக் கூரையில் செருகச் சொன்னேன். கூரையே அப்படித்தான் என்று அந்த அம்மா சிரித்தார்.

அவர்கள் இருளர் பழங்குடியினர். மாமியார் கருமாதிச் செலவுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பக்கத்து மாவட்டத்துச் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போனார்கள். அழைத்துப் போன மேஸ்திரி அந்த அம்மாவுக்கு மாமன் முறை. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, குழைத்து வைத்த மண்ணை அச்சில் அடித்துக் கல் போட்டால் வெயில் ஏறும்வரை வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள், மீதி சிட்டையில் வரவு. மழை பெய்து பச்சைக் கல் கரைந்துபோனால் அந்தக் கல் கணக்கில் வராது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் செலவும் சிட்டையில் ஏறும். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக முடியாது. ஒருத்தர் போனால் இன்னொருத்தர் சூளையில் இருக்கவேண்டும். இரண்டு சீசன் முடிந்தபோது சிட்டையில் 46,000 ரூபாய் பாக்கி நின்றது.

இதைச் சட்டம் மனிதக் கடத்தல் என்கிறது. நம் ஆட்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வேன், மயக்க மருந்து, முகமூடி என்று சினிமா ஓடும். இவர்களை அழைத்துப் போனவர் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார், டாடா ஏஸ் வண்டியில் முன் சீட்டில் உட்காரவைத்தார். 2012 டிசம்பரில் நடந்த டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு 2013ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370வது பிரிவை மாற்றி எழுதினார்கள். சுரண்டலுக்காக ஒருவரை ஆசை காட்டியோ, ஏமாற்றியோ, மிரட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ வேலைக்குச் சேர்ப்பதும், வண்டி ஏற்றுவதும், வைத்துக்கொள்வதும் குற்றம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது ஒரு பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1லிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143வது பிரிவு. இந்தச் சம்மத வாசகம் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஆனால் மீட்டுக்கொண்டு வந்த அன்று அலுவலகக் கூடத்தில் உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி, "நீங்களா விரும்பித்தானே போனீங்க?" என்பது. அடுத்தது, "கட்டிப் போட்டாங்களா, அடிச்சாங்களா?" யாரும் கட்டிப் போடவில்லை. அதை இவர்கள் அப்படியே சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்களை விசாரிப்பதில் இது ஒரு சிக்கல். கூட்டத்தில் யாரோ ஒருவர், "அப்போ இது சம்பளத் தகராறு" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் நின்றுபோன விடுதலைகள் நிறைய. கணக்குப் பார்த்து, கையில் ஆளுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்து, ராத்திரி பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வெளிமாநிலத்து ஆட்கள் என்றால் ரயிலில். சான்றிதழ் இல்லை, வழக்கு இல்லை, அடுத்த சீசனுக்கு அதே மேஸ்திரி.

சங்கிலி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டட வேலை செய்தவர்கள் பற்றிய வழக்கில், 1982ல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அதுவே கட்டாய உழைப்பு, அரசியல் சாசனத்தின் 23வது பிரிவுக்கு விரோதம் என்றார் நீதிபதி பகவதி. பசியும் வறுமையும் ஒருவரைப் பிடித்துத் தள்ளுவதும் கட்டாயம்தான் என்று அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. அடுத்த வருஷம் ஃபரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில் இன்னொரு படி மேலே போனார்கள்: கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே, அது ஏதோ முன்பணத்துக்கு ஈடாகத்தான் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும், இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும். எவ்வளவு நல்ல தீர்ப்புகள். இவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக டைப் அடித்து எல்லாத் தாலுகா அலுவலகச் சுவரிலும் ஒட்டலாமே என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஜெராக்ஸ் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இவர்கள் விஷயத்தில் அந்தக் கோட்டாட்சியர் விவரம் தெரிந்தவர். மூன்று குடும்பம், குழந்தைகளோடு பதினோரு பேர். எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து, போலீஸுக்கும் எழுதினார்.

ஒரு நாள் அந்தச் சான்றிதழின் பின்னால் இருக்கும் சட்டத்தை முழுதாக உட்கார்ந்து படித்தேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976ல் சட்டமானது. 6வது பிரிவு, கொத்தடிமைக் கடன் அந்த நொடியோடு ஒழிந்தது என்கிறது. 9வது பிரிவு இன்னும் கறார்: ஒழிந்த கடனை முதலாளி திரும்ப வாங்கினாலே மூன்று வருஷம் வரை சிறை. 15வது பிரிவுப்படி அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு. 18வது பிரிவுக்கு வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். கொத்தடிமை வேலை வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அந்த அபராதம் வசூலானால், அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு அவர் உழைத்த நாள் ஒன்றுக்கு 5 ரூபாய். 2,000த்தை 5ஆல் வகுத்தால் 400 நாள். அதற்கு மேல் அடிமையாக இருந்தவருக்குக் கணக்குக்கூட கிடையாது. 1976ல் 5 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இன்றைக்கு என் கடையில் இரண்டு பக்க ஜெராக்ஸ்.

அதனால்தான் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகளைப் போடுகிறார்கள் என்பது இவ்வளவு முக்கியம். வெறும் கொத்தடிமைச் சட்டம் மட்டும் போட்டால் மூன்று வருஷக் குற்றம். 370 சேர்த்தால், ஒருவருக்கு மேல் கடத்தப்பட்டிருந்தால் பத்து வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரை. தண்டனை கூடுகிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. சாட்சிக்குப் பாதுகாப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதே அந்த எண்ணில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில், மகேந்தர் சாவ்லா வழக்கில், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுக்கச் சட்டம்போல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. சாட்சி மனுப் போட்டால், டி.எஸ்.பி. விசாரித்து எவ்வளவு ஆபத்து என்று அறிக்கை தருவார். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். கோர்ட்டுக்குப் போலீஸ் துணை, குற்றவாளியும் சாட்சியும் நேருக்கு நேர் பார்க்காமல் இருக்க ஏற்பாடு, தேவைப்பட்டால் வேறு வீடு. எல்லாம் சரி, ஆனால் அது ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும்தான். மூன்று வருஷக் கொத்தடிமைச் சட்டம் அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடும். ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு எண்ணை விட்டுவிட்டால் இவ்வளவும் போச்சு. எங்கள் வழக்கில் ஒரு இளம் வக்கீல் மூன்று முறை மனுக் கொடுத்து 370ஐச் சேர்க்கவைத்தார்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிட நல்லது. பழங்குடியினரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது அதில் தனிக் குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு, விசாரணைக் காலப் பராமரிப்புச் செலவு, ஜாமீன் மனு வந்தால் அவருக்கும் தகவல் சொல்லிப் பேச்சைக் கேட்கும் உரிமை என்று வரிசையாக இருக்கிறது. படித்தால் இந்த நாட்டில்தான் எழுதினார்களா என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் போலீஸ் சாதிச் சான்று கேட்டார்கள். இருளர்களிடம் சாதிச் சான்று இருக்காது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பழங்குடியினர் சான்று தருவதும் கோட்டாட்சியர் அலுவலகம்தான். எங்கள் ஆள் கொத்தடிமை என்பதை ஒப்புக்கொள்ள அந்த மாதிரி ஓர் அலுவலகத்துக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அவர் இருளர் என்பதை ஒப்புக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அப்புறம் வழக்கு. முதல் சம்மன் அவருக்கு வரவே இல்லை. ஏன் என்று பார்த்தால், மீட்ட அன்று எழுதிய வாக்குமூலத்தில் அவர் முகவரி என்று செங்கல் சூளையின் பெயர் இருந்தது. சம்மன் சூளைக்குப் போயிருக்கிறது. சாட்சி ஆஜராகவில்லை என்று இரண்டு வாய்தா தள்ளி, மூன்றாவதில் பிடிவாரண்ட். ஒரு விடியற்காலை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவரை எழுப்பி வண்டியில் ஏறச் சொன்னபோது, அவர் மனைவி அந்தப் பாலிதீன் கவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறார். "விடுதலன்னு எழுதிருக்குதே சார், பாருங்க சார்" என்று. இதை அவர் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ். வாய்தா நாளில் மூன்று குடும்பமும் அதில்தான் வரும். இரண்டாம் குற்றவாளியான மேஸ்திரியும் அதில்தான் வருவார். முதலாளி காரில் வருவார், அது வேறு. மேஸ்திரியும் ஏழைதான், அவரும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியவர்தான். பஸ்ஸில் குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பார், கோர்ட் வாசல் புங்கமரத்தடியில் எல்லாருக்கும் டீ சொல்வார். என் கடையிலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். "முடிஞ்சத விடுங்க மாப்ள, சின்னவளுக்குக் காது குத்தணும்ல" என்று ஒரு நாள் அவர் சொன்னதை நானே கேட்டேன். இதை மிரட்டல் என்று எந்த அறிக்கையில் எழுதுவது?

எழுதினோம். வக்கீலோடு உட்கார்ந்து பாதுகாப்பு மனு டைப் அடித்தேன், ஒரே பஸ் என்பதையும் டீயையும் சேர்த்து. அதற்குப் பிறகு வாய்தா நாளில் ஒரு கான்ஸ்டபிள் கூட வந்தார். காத்திருக்கப் பழைய கட்டுகள் அடுக்கிய ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். ஒரு ஃபேன், ஒரு பெஞ்ச், ஐம்பது வருஷத் தூசி. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறைதான். குழந்தை அந்தக் கட்டுகளுக்கு நடுவே தூங்கியது.

ஆனால் அந்த அறை வருவதற்குள் மற்ற இரண்டு குடும்பமும் சாட்சி சொல்லி முடித்துவிட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை, முதலாளி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார் என்று. பிறழ் சாட்சி. அரசு வழக்கறிஞர் கோபத்தில் "இவங்களுக்கு எதுக்குத்தான் மீட்பு" என்றார். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அப்போதிருந்த உடனடி நிவாரணம் ஆளுக்கு 20,000 ரூபாய். 2022 ஜனவரியிலிருந்து அது 30,000 வரை. 2016ன் மத்தியத் திட்டப்படி மறுவாழ்வு உதவி ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கடத்தல் மாதிரிக் கொடுமையான நிலைமை என்றால் மூன்று லட்சம். ஆனால் அந்தப் பெரிய தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தண்டனை என்றைக்கோ. அடுத்த சீசன் தையில் ஆரம்பம். சுற்று வட்டாரத்து சூளைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்; கோர்ட்டில் பெயர் சொன்னவருக்கு யார் வேலை தருவார்கள்? லட்சத்தை விட்டுவிட்டு ஒரு சீசன் கூலியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொரு ஓரத்தில் வேறு மாதிரிக் கொடுமை. பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீட்கப்படும் பெண்களை 1956ன் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ் காப்பகத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம்வரை வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்புதான், ஆனால் வெளியே போக முடியாத பாதுகாப்பு. விருப்பமில்லாமல் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்கள் யார் யார் என்று கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்யுங்கள் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

எங்கள் ஆள் மட்டும் சாட்சி மாறவில்லை. 2023 மாசி மாதம் கூண்டில் ஏறினார். நான் பின் பெஞ்சில் இருந்தேன். முதல் விசாரணையில் எல்லாவற்றையும் நன்றாகவே சொன்னார்: ராத்திரி வேலை, சிட்டை, காய்ச்சல். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அட்வான்ஸ் வாங்கினீங்களா?"

"வாங்கினேங்க."

"எவ்வளவு?"

"இருவதாயிரம்."

"திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

பதில் இல்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் இன்னொரு முறை கேட்டார், கொஞ்சம் சத்தமாக. அதுவரை நேராக நின்றவர் தலையைக் குனிந்துகொண்டு "இல்லீங்க" என்றார். முதலாளி முகத்தில் ஒரு சிரிப்பு. அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். 6வது பிரிவுப்படி அந்தக் கடனே இல்லை என்றார். நீதிபதியும் குறித்துக்கொண்டார். சட்டப்படி அந்தக் கேள்வி ஒன்றுக்கும் உதவாது. ஆனால் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடனைச் சட்டம் 1976லேயே ஒழித்துவிட்டது. அவர் மனதில் அது அப்படியே பாக்கி நின்றது. சிட்டையில் இருந்த 46,000 இல்லை, கருமாதிக்குக் கை நீட்டி வாங்கிய அந்த 20,000. வெளியே வந்ததும் என்னிடம், "நான் வாங்கினது நெசந்தானக்கா" என்றார். உங்கள் இரண்டு வருஷ உழைப்பு அதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். குறைந்தபட்சக் கூலி, இரண்டு பேர், இத்தனை மாசம் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினார்.

அன்று மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு இன்னொரு சிக்கல். கோர்ட் கோப்பில் விடுதலைச் சான்றிதழின் மங்கலான நகல்தான் இருந்தது. முத்திரை கறுப்பாக அப்பிக்கிடந்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அசல் சாட்சியிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. பை, கவர், பட்டன். நாலு வருஷத்தில் கவர் மஞ்சளாகிவிட்டிருந்தது, தாள் அப்படியே. மதியத்துக்குமேல் அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்வார்கள், முத்திரை குத்தி எண் போட்டுக் கட்டில் சேர்த்துவிடுவார்கள். லேமினேஷன் பண்ணாமல் விட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்ப திருப்பித் தருவாங்க?" என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டார்.

"கேஸ் முடியட்டும். அப்பீல் டைமும் முடியணும். மனுப் போட்டு வாங்கிக்கலாம்."

இடைவேளையில் கவரோடு கடைக்கு ஓடிவந்தார். பின்னாலேயே அந்தக் கான்ஸ்டபிளும். ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கையெழுத்து பச்சையா வரலியேக்கா. சீலும் கறுப்பா இருக்குது."

கலர் பிரிண்டரைப் போட்டேன். அது சூடாவதற்குள் கான்ஸ்டபிள் இரண்டு முறை மணி பார்த்துவிட்டார். கலரில் இரண்டு பிரதி எடுத்தேன். பச்சை பச்சையாகவே வந்தது, ஊதா கொஞ்சம் நீலம் அடித்தது. ஒன்றைப் பழைய கவரில் போட்டார். இன்னொன்றைப் பார்த்து, "இத லேமினேசன் பண்ணலாமில்ல?" என்றார். இதைப் பண்ணலாம். பண்ணிக் கொடுத்தேன்.

ஐம்பது ரூபாய் ஆயிற்று. அப்புறம் தாங்க, கோர்ட் கூப்பிடப் போகிறது என்றேன். அவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, பத்தும் அஞ்சுமாக மேஜை மேல் எண்ணத் தொடங்கினார். எதிரே டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எண்ணி முடித்துவிட்டுத்தான் போனார்.